உருவில் பட்டது

அன்று காலையில் இராசதுரை கடைசியாகத் தேடியது சீப்பை.

"பூரணி, சீப்பு எங்க?"

"எந்த நாளும் உங்கட சேர்ட் பொக்கற்றுக்கதானே கிடக்கும். என்னட்டக் கேட்டால்?" என்று குசினிக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். பிறகு அவளே வந்து அலுமாரிக்கு மேலே கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

எண்ணெய் வைத்துத் தலைமயிரைப் பின்னுக்குப் படிய இழுக்கிற மனுசன், அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முன்னுக்கு வாரிக்கொண்டிருந்தார். ஒரு கொத்து மயிரை இடது நெற்றியில் விழவிட்டு, தள்ளி நின்று பார்த்து, திருப்பியும் வாரினார்.

"உதென்ன புது மாப்பிள்ளைக் கோலம்?"

"ஓமடி, படகில பொம்பிளை பாக்கப் போறன். நெத்தியில இந்த மஞ்சளைக் கண்டால் படகில உள்ளவங்கள் பகிடி பண்ணியே சாக்காட்டிப் போடுவாங்கள்."

பூரணி சிரித்துவிட்டாள். பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். தலையிடி எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை, நேற்றைய மாதிரி இல்லை என்றார். சீப்பைப் பொக்கற்றில் செருகிக்கொண்டு படலையைத் திறந்து போனார். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் அவர் தலை மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று பிற்காலத்தில் பலர் சொன்னார்கள். அப்படி ஒன்றுமில்லை. அடுப்பில் பருப்பு பொங்கியது, அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

இராசதுரை துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற படகொன்றில் எஞ்சின் பார்த்தவர். வருசம் முழுக்கக் கையில் கறுப்பு எண்ணெய். வைகாசியில் ஒரு கிழமை மட்டும் வேறு ஆள். கரையடி அம்மன் கோயில் சடங்கில் தெய்வம் ஆடுகிறவர் அவர்தான். தகப்பன் ஆடினார், தகப்பன் போன பிறகு மகனில் உரு வந்தது. உரு வந்தால் அவருக்கு மனுசர் தெரியாது. கட்டின பெண்சாதி முன்னால் நின்றாலும் வேப்பிலையால் விலக்கிக்கொண்டு போவார். இறங்கின பிறகு ஒன்றும் நினைவிருக்காது.

அந்த வருசம், எண்பத்திரண்டில், சடங்கின் கடைசி நாள் நடுப்பகலில் அது நடந்தது. பறை உச்சத்தில் நின்றது. இராசதுரை மண்டபத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றின நிலம். கால் சறுக்கி, வாசற்படியின் கருங்கல் விளிம்பில் நெற்றி மோத விழுந்தார். அந்தச் சத்தத்தைப் பறைக்கு மேலாலும் பூரணி கேட்டாள். பிறகு அவர் அசையவில்லை. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. பறைக்காரர் நிறுத்தவில்லை. இராசதுரையின் தமக்கை கமலேஸ்வரி ஓடிவந்து காயத்தில் மஞ்சளை அள்ளி அப்பி, அதற்கு மேல் திருநீற்றைப் பொத்தினாள். ஒரு தேங்காய் துருவி முடிக்கிற நேரம் அப்படியே கிடந்து, பிறகு கண் திறந்து எழும்பினார். எழும்பினவர் கோயில் வேம்புக்குப் பின்னால் போய், வயிற்றில் கிடந்ததெல்லாம் வெளியே வரச் சத்தியெடுத்தார். அதைப் பார்த்தவள் பூரணி மட்டும்தான்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. உருவில் பட்டது காயம் அல்ல. அது அம்மன் தந்தது. சடங்கு முடிந்து எட்டாம் நாள் பூசை நடக்கும்வரை அதற்குக் கட்டுப் போடக்கூடாது, மருந்து வைக்கக்கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. பட்டவருக்கே சொல்லக்கூடாது. சொல்லாதவரைக்கும் அது அவளுடையது. சொன்ன நிமிசத்தில் மனுசனுடைய காயமாகிவிடும், புழுத்துப் போகும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அடுத்த நாள் இராசதுரை கண்ணாடியில் பார்த்து, "இதென்ன அக்கா?" என்று கேட்டபோது கமலேஸ்வரி, "அவ தந்தது" என்றாள். அவர் பிறகு கேட்கவில்லை. சீப்பைத் தேடின அந்தக் காலை, எட்டாம் நாளுக்கு இன்னும் நாள் இருந்தது.

பருப்பை இறக்கி வைத்துவிட்டு பூரணி முற்றத்துக்கு வந்தபோது, படலையைப் பிடித்துக்கொண்டு இராசதுரை நின்றார். போன மனுசன் பாதி வழியில் திரும்பி வந்திருந்தார். முகம் சாம்பல். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"நெஞ்சுக்கு மேல நங்கூரத்தை வைச்சமாதிரிக் கிடக்கு பூரணி" என்றார். "கை ஏலாது."

அடுத்த வீட்டு ஞானசேகரம் தன் மொறிஸ் மைனரை எடுத்தார். சத்தம் கேட்டுப் பின்வளவு வீட்டிலிருந்து கமலேஸ்வரி திருநீறு வைத்த ஓலைக் குட்டானோடு ஓடிவந்து, கேட்காமலே காருக்குள் ஏறிக்கொண்டாள். தாய் செத்தபோது இராசதுரைக்கு நடை பழகாத வயது. இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். பூரணிக்கும் பிள்ளை இல்லை, கமலேஸ்வரிக்கும் புருசன் இல்லை. இரண்டு பெண்களுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு மனுசன்தான். கார் ஓடும்போதே கமலேஸ்வரி அவர் மயிரை ஒதுக்கி, பழைய மஞ்சளுக்கு மேலே மூன்று விரலால் புதிதாகத் திருநீறு இழுத்தாள். பட்ட இடமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிக் கடதாசியில் கோடு எடுத்தார்கள். அந்தக் கடதாசியைக் கையில் பிடித்தபடி டொக்டர் முத்தலிப் வந்தார். மூதூரில் பிறந்தவர். சீமையில் படித்துவிட்டுத் திரும்பி வந்து வருசம் ஒன்று ஆகியிருக்கும். மெலிந்த மனுசன். ஓரிடத்தில் நிற்கமாட்டார், கதைக்கும்போதும் கட்டிலைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்டு அடைச்சிட்டுது" என்றார் இரண்டு பெண்களையும் பார்த்து. "ரத்தம் உறைஞ்சு கட்டியா நிண்டு அடைக்குது. அதைக் கரைக்கிற மருந்து ஒண்டு என்னட்ட இருக்கு. நான் வரேக்க கொண்டுவந்தனான். நாலு போத்தில்தான் கிடக்கு. இஞ்ச இன்னும் ஆருக்கும் குடுக்கேல்லை. இதயத்துக்குக் குடுக்கலாமோ எண்டு வெளிநாட்டிலயும் இன்னும் வாக்குவாதம்தான். ஆனா இவருக்கு நெஞ்சு நோ துவங்கி அதிக நேரம் ஆகேல்லை. கெதியாக் குடுத்தால் பலன் வரும்."

"குடுங்கோ டொக்டர்" என்றாள் கமலேஸ்வரி. "கும்பிட்டன், குடுங்கோ."

"அதுக்கு முதல் சிலது கேக்கவேணும். உண்மை சொல்லவேணும்." அவர் நின்றார். "எங்கட ரத்தத்துக்குள்ளயே கட்டியைக் கரைக்கிற சாமான் ஒண்டு நித்திரையில கிடக்கு. இந்த மருந்து கட்டியைக் கரைக்கிறதில்லை. நித்திரையில கிடக்கிறதைத் தட்டி எழுப்பிவிடும். எழும்பினது இதயத்துக்கு மட்டும் போகாது. உடம்பு முழுக்க ஓடும். எங்க எங்க ரத்தம் உறைஞ்சு ஒரு புண்ணை மூடி வைச்சிருக்கோ, அங்கயெல்லாம் போய் அந்த மூடியையும் கரைக்கும். இது நல்ல கட்டி, இது கெட்ட கட்டி எண்டு அதுக்குத் தெரியாது."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த இராசதுரை உதட்டை அசைத்தார். நோவுக்கு நாளத்தில் ஏற்றின ஊசியில் நாக்குத் தடித்திருந்தது.

"கலப்பத்தைக் கரைக்கிற மருந்தோ டொக்டர்?"

"என்ன?"

"வள்ளத்தில பலகை இடுக்குக்குப் பஞ்சும் குங்கிலியமும் வைச்சு அடைக்கிறது... கலப்பத்து. உங்கட மருந்து அதைக் கரைக்குமெண்டால், வள்ளம் தாழாதோ?"

டொக்டர் முத்தலிப் அந்தக் காலையில் முதல்முறையாகச் சிரித்தார். "இவ்வளவு கெதியா ஒருத்தரும் விளங்கினதில்லை. அதுதான் கேக்கிறன். வேற எங்கயாவது ஓட்டை இருக்கோ? வயித்தில புண்? மலம் கறுப்பாப் போனதோ? ஒப்பரேசன் ஏதும்? பாரிசவாதம்? இந்த மருந்து முந்தி எடுத்ததோ? தொண்டையில புண் வந்ததோ கிட்டடியில?"

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று இராசதுரை தலையாட்டினார்.

"எங்கயாவது விழுந்தீங்களோ? தலையில அடி பட்டதோ?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றார் இராசதுரை. அவர் பொய் சொல்லவில்லை.

டொக்டர் பெண்கள் பக்கம் திரும்பினார். "அம்மா?"

"என்ர தம்பி விழுகிற ஆளில்லை" என்றாள் கமலேஸ்வரி. அவளும் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரையில் அன்று அந்தப் படியில் இராசதுரை இருக்கவே இல்லை.

"நெத்தியில என்ன, இவ்வளவு தடிப்பா?"

"கரையடி அம்மன்ர திருநீறு."

டொக்டரின் விரல் நெற்றிப் பக்கம் போனது. திருநீற்றுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். மூதூரில் கோயிலும் பள்ளிவாசலும் பார்த்து வளர்ந்த மனுசன், மற்றவர்களின் சாமி காரியத்தில் கை வைக்கக்கூடாது என்று சின்ன வயதில் உம்மாவிடம் படித்திருப்பார். அந்த மரியாதைதான் அவர் கையைப் பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் துடைத்துப் பார்த்திருப்பார்கள்.

"மிஸி, முதல் போத்திலைக் கரையுங்கோ" என்றார் பக்கத்தில் நின்ற தாதியிடம். "இனி இவருக்குத் தசையில ஊசி போடவேண்டாம். போட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டும். எதுவெண்டாலும் நாளத்திலதான்."

மிஸி ஒரு சின்னக் கண்ணாடிப் போத்திலை எடுத்துவந்தாள். அடியில் வெள்ளைத் தூள். ஊசியால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, குலுக்கப் போனாள்.

"குலுக்காதையுங்கோ!" டொக்டர் பதறினார். "குலுக்கினால் நுரைச்சுப் பழுதாப் போகும். உள்ளங்கையில வைச்சு உருட்டுங்கோ. மெள்ள. அவசரம் வேண்டாம்."

மிஸி உருட்டத் தொடங்கினாள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அந்தப் போத்தில் முன்னும் பின்னும் போய் வந்தது. பூரணியின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

எழும்பினது உடம்பு முழுக்க ஓடும். நல்லது கெட்டது தெரியாது. இதை அவள் எங்கே கண்டிருக்கிறாள்? மண்டபத்தில் கண்டிருக்கிறாள். உரு வந்து நிற்கிற மனுசனுக்கும் ஆள் தெரியாது. தள்ளி நில்லுங்கள், குழந்தைகளைப் பிடியுங்கள் என்று சனம் அதனால்தான் கத்தும். அப்படி ஒன்றை இவருக்குள் எழுப்பிவிடப் போகிறார்கள். அது ஓடி ஓடி அந்த மஞ்சளுக்கு அடியிலும் வரும்.

படியில் கேட்ட சத்தம் அவள் காதுக்குள் திரும்பவும் கேட்டது. வேம்புக்குப் பின்னால் சத்தியெடுத்தது. நாலு நாளும் தலையிடி, தேசிக்காய் வெட்டிக் காதோரத்தில் தேய்த்தது. ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? மருந்தை நிற்பாட்டிவிடுவார்கள். நெஞ்சில் அடைப்பு அப்படியே நிற்கும். சொல்லாவிட்டால் மருந்து போகும். நெஞ்சு திறக்கும். தலைக்குள்ளே என்னவென்று யாருக்குத் தெரியும், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எட்டாம் நாளும் வரவில்லை. சொன்னால் காயமாகிவிடும்.

தூள் கரைந்துவிட்டது. மிஸி போத்திலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். டொக்டர் சேலைன் போத்திலைக் கொழுவினார்.

வேறெங்காவது ஓட்டை இருக்கோ என்று டொக்டர் கேட்டாரே. கேட்டது யாரிடம்? விழுந்ததே தெரியாத மனுசனிடம்.

"டொக்டர்" என்றாள் பூரணி. "இவர் விழுந்தவர்."

"பூரணி!"

"நாலு நாளுக்கு முன்னம். கோயில் படியில. நெத்தி அடிபட விழுந்தவர். நினைவில்லாமல் கிடந்தவர். எழும்பிச் சத்தியெடுத்தவர்."

"வாயை மூடு பூரணி!" கமலேஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நகம் பதிந்தது. "எட்டாம் சடங்கு முடியேல்லை. என்ன கதை கதைக்கிறாய் நீ?"

டொக்டர் முத்தலிப் போத்திலை மிஸியின் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "அம்மா" என்றார் பூரணியைப் பார்த்து, "அந்தத் திருநீற்றைத் துடைக்கலாமோ? நீங்களே துடைச்சால் நல்லது."

நனைத்த பஞ்சால் பூரணி துடைத்தாள். திருநீறு கரைந்தது, மஞ்சள் கரைந்தது. அடியில் நெற்றி முட்டை அளவுக்கு வீங்கி, நீலமும் பச்சையுமாக இருந்தது. நடுவில் மயிரோரம்வரை ஓடின வெடிப்பைக் கறுத்த இரத்தம் உறைந்து மூடியிருந்தது. இராசதுரை சொன்ன கலப்பத்து அதுதான்.

டொக்டர் அவருடைய கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்த்தார். வீக்கத்தைச் சுற்றி விரலால் அமத்திப் பார்த்தார். பிறகு விறாந்தைக்குப் போய், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"குடுக்க ஏலாது."

"ஏன் ஏலாது?" கமலேஸ்வரியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "கரைச்சு வைச்சிருக்கிறீங்கள். கையில கிடக்கு. என்ர பிள்ளை மூச்சுக்குப் போராடுறான். குடுங்கோ தம்பி! வாறதை நாங்கள் பாக்கிறம்!"

"அம்மா, கையில ரத்தம் வந்தால் அமத்திப் பிடிப்பன். காலில வந்தால் துணி சுத்திக் கட்டுவன். மண்டை ஓட்டுக்குள்ள வந்தால் நான் எங்க அமத்துறது?"

"உள்ள ஒண்டும் இல்லாட்டி?"

டொக்டர் முத்தலிப் கட்டிலை ஒருமுறை சுற்றி வந்தார். "இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிற மிசின் இஞ்ச இல்லை. நாட்டிலயே கிடைக்கிறது கஷ்டம். தெரியாமல் நான் இதைக் குடுக்கமாட்டன்."

கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். லைன் கிடைக்க நேரம் எடுத்தது. கிடைத்தபோது அங்கிருந்த பெரிய டொக்டரும் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். நாக்குக்கு அடியில் குளிசை வைத்தார்கள், ஒட்சிசன் பிடித்தார்கள், நோ குறைய மருந்து ஏற்றினார்கள். கிடந்த கிடையில் அசையவேண்டாம் என்றார்கள். டொக்டர் வேறு நோயாளியைப் பார்க்கப் போவார், போன வேகத்தில் திரும்பி வருவார். கரைத்த போத்தில் மேசையில் அப்படியே நின்றது. கமலேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூரணி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு நோ கொஞ்சம் தணிந்தது. இராசதுரை கண் திறந்தார். நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"துடைச்சுப் போட்டாய் போல."

"ஓம்."

"அக்கா ஏசினவவோ?"

"ஏசினவ."

"ஏசட்டும்." சிரிக்கப் பார்த்தார். "விழுந்தனானோ நான்?"

பூரணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓம். விழுந்தனீங்கள். படியில."

"நான் நினைச்சனான்" என்றார் அவர். "நெத்தியில கல்லு மாதிரி ஒரு சாமானை ஆரெண்டாலும் சும்மா தருவினமோ?" பிறகு, "அந்தச் சீப்பை எடன்" என்றார்.

அவள் அவருடைய சேர்ட்டில் கை விட்டுத் தேடினாள். அவள் கை பொக்கற்றுக்குள் இருக்கும்போதே அவருடைய கை அவளுடைய மற்றக் கையிலிருந்து கழன்றது. மிஸி ஓடிவந்தாள். டொக்டர் ஓடிவந்து நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி ஊன்றி அழுத்தினார். டொக்டர் நிற்பாட்டினபோது அவருடைய சேர்ட்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

செத்த வீட்டில் கமலேஸ்வரி தலைமாட்டில் இருந்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். "நீ சொன்னாய், காயமாச்சு." அதை அவள் கத்திச் சொல்லவில்லை. அதனால் எல்லாருக்கும் கேட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து கையில் இருந்தது, பெண்சாதி தடுத்துப்போட்டாள் என்று ஓர்ஸ் ஹில்லில் கதை ஏறி, துறைமுக வாசல்வரை இறங்கியது. பின்வளவுக்கும் முன்வளவுக்கும் நடுவில் வேலியில் இருந்த கடவையைக் கமலேஸ்வரி தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தாள்.

பூரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்குள் போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவாள். விளம்பரம் முதற்கொண்டு பத்திரிகை வாசிக்கிறவள், ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பாள். சொல்லாமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்வி ஒரு நாளில் எத்தனையோ தரம் வந்து, ஒவ்வொரு தரமும் புதிதாக வந்தமாதிரி நிற்கும். கடைசியில் ஒரு நாள் சேலையை மாற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் முத்தலிப்பின் அறை வாசலில் நின்றாள்.

அவர் அவளைக் கண்டதும் எழும்பினார். கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"குடுத்திருந்தால் தப்பியிருப்பாரோ?"

"தெரியாது அம்மா."

"நீங்கள் படிச்ச ஆள். ஒண்டு சொல்லுங்கோ."

"குடுத்திருந்தால் நெஞ்சு திறந்திருக்கலாம். தலைக்குள்ள ரத்தம் வந்து அண்டைக்கே போயும் இருக்கலாம். ரெண்டும் நடக்காமலும் விட்டிருக்கலாம்." அவர் யன்னல் பக்கம் போய் வந்தார். "நீங்கள் சொன்னது சரி. நான் குடாமல் விட்டதும் சரி. இதை நான் எங்க எண்டாலும் சொல்லுவன். ஆனா சரியாச் செய்தால் ஆள் பிழைக்கும் எண்டு மருந்துப் புத்தகம் ஒண்டிலயும் எழுதி வைக்கேல்லை."

அவள் திரும்பினாள். "பிழை என்ரதான்" என்று அவர் பின்னால் சொன்னார். "உங்களிட்டக் கேட்டுப் போட்டு நிண்டிருக்கக்கூடாது. நான் தொட்டுப் பாத்திருக்கவேணும்."

"அந்தப் போத்தில்?" என்றாள் அவள், வாசலில் நின்று.

"கரைச்சால் வைக்க ஏலாது. ஊத்திப் போட்டம். மற்ற மூண்டும் பிரிஜ்ஜில கிடக்கு."

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போனது. தை பிறந்த பிறகு, பூரணி ஒரு அலுவலாக மூதூர்ப் பக்கம் போகவேண்டி வந்தது. கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் சனத்தையும் சேர்த்து அக்கரைக்குக் கொண்டுபோகிற தட்டைப் படகில் நின்றாள். பாதை என்பார்கள் அதை. கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயது மனுசனைப் பக்கத்தில் நின்றவர் அதட்டினார்.

"முனாப் காக்கா, உங்கள டொக்டர் பாரம் இழுக்க வேணாமெண்டல்லோ சொன்னவர்?"

"போடா. சும்மா கையை வைச்சிட்டு நிக்கிறன். நீங்கதானே இழுக்கிறயள்." முனாப் சிரித்துவிட்டு, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பூரணியிடம் காரணம் சொல்கிறமாதிரிச் சொன்னார். "நெஞ்சடைச்சு மௌத்தாகிப் போற நேரம் தங்கச்சி. மூதூர் முத்தலிப் டொக்டர்தான் மருந்தேத்திக் காப்பாத்தினவர். அல்லாஹ்ட காவல்."

பூரணியின் கை படகின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. "எத்தனை போத்தில்?" என்று கேட்டாள்.

அது என்ன கேள்வி என்று முனாப் ஒரு நிமிசம் பார்த்தார். "சின்னப் போத்தில் மூணு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா. அதெல்லாம் பரவாயில்ல, அதுக்கு முதல் அந்த மனுசன் பண்ணின வேலை இருக்கே! நான் விழவுமில்ல ஒண்டுமில்ல எண்டு சத்தியம் பண்ணிச் செல்றன், கேக்கல்ல. தொப்பியக் களட்டிப் போட்டு, மயித்தைக் கிளறிக் கிளறி, பேன் பாக்கிற பொம்பிள மாதிரித் தலை முழுக்கத் தடவிப் பாக்கிறார். பிறகு முதுகைத் திருப்பி, கொம்பு வைச்சு ரத்தம் எடுத்தீங்களோ எண்டு கேக்கிறார். நோவுக்குள்ளயும் எனக்குச் சிரிப்பு. எல்லாருக்கும் இப்படித்தானாம். சாமியாரெண்டாலும் லெப்பையெண்டாலும் தலையைத் தடவாமல் மருந்தில கை வைக்கமாட்டாராம்."

சனம் சிரித்தது. பாதை அக்கரையில் முட்டியது. முனாப் குனிந்து கயிற்றைக் கட்டினபோது, கையில் புடைத்து நின்ற நாளத்தைப் பூரணி பார்த்தாள். சனம் இறங்கி, பஸ்ஸும் இறங்கின பிறகுதான் அவளுக்கு இறங்கவேண்டும் என்ற நினைவு வந்தது.

அந்த வைகாசியிலும் கரையடி அம்மனுக்குச் சடங்கு நடந்தது. பூரணி போகாமல் இருக்கத்தான் நினைத்தாள். கடைசி நாள் பறைச் சத்தம் மேட்டுக்கு ஏறி வந்து வீட்டுக்குள் அவளை இருக்கவிடவில்லை. போய் வேம்படியில் நின்றாள். யாரும் அவளோடு கதைக்கவில்லை, தள்ளி நிற்கச் சொல்லவும் இல்லை. உரு இப்போது இன்னொருவரில் வந்திருந்தது. சின்னவர். இராசதுரையை விட வேகம்.

வாசற்படியில் கமலேஸ்வரி இருந்தாள். பூசைத் தட்டுகளைப் பார்க்கவேண்டியவள், சனத்தை ஒதுக்கவேண்டியவள், அந்தக் கருங்கல் விளிம்பை மறைத்துக் குந்திக்கொண்டு, முந்தானையை அகல விரித்துப் போட்டிருந்தாள். எழும்புங்கோ அக்கா, வழி விடுங்கோ என்று ஆட்கள் சொல்லிப் பார்த்தார்கள். காலுழைவு என்றாள். பறை உச்சத்துக்கு ஏறி, ஆடுகிறவர் மண்டபத்திலிருந்து பாய்ந்து வந்தார். அவள் அசையவில்லை. வந்தவர் அவள் தோளில் மோதி, மணலில் சரிந்து, எழும்பி ஆடிக்கொண்டு போனார்.

கமலேஸ்வரி தோளைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தபோது வேம்படியில் நின்ற பூரணியைக் கண்டாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். கடவையில் வைத்த கிடுகு மட்டும் பிறகும் எடுக்கப்படவில்லை.

ஒவ்வொரு வருசமும் கமலேஸ்வரி சடங்கின் கடைசி நாளில் அந்தப் படியில் போய் இருப்பாள். எட்டாம் நாள் பூசைக்குப் பிறகு படியைக் கழுவி, மஞ்சள் பூசுவார்கள். மஞ்சள் காய்ந்து உதிர்ந்துவிடும். அடியில் அந்தக் கருங்கல்லின் விளிம்பு, வெட்டி வைத்த அன்றைக்கு இருந்தமாதிரியே கூராக இருக்கிறது.